கிரகணம் இல்லாத நாளிலும் உலக்கை நின்றது

1995 செப்டம்பர் 21, வியாழக்கிழமை. தில்லியில் பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று விடியற்காலையில் கிளம்பிய சேதி, பொழுது சாய்வதற்குள் புதுக்கோட்டை மாவட்டத்தில் கீரனூருக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சிற்றூருக்கும் வந்துவிட்டது. ஊரில் போன் இருந்ததே ஒன்றிரண்டு வீட்டில்தான். ஆனாலும் கொஞ்ச நேரத்தில் ஊருணிக்கரைப் பிள்ளையாருக்கு முன்னால் தூக்குவாளியும் தம்ளருமாக வரிசை கட்டிவிட்டார்கள். கறவை இருந்த வீடுகளில்கூட அன்று காப்பிக்குப் பாலில்லை.

வரிசையில் ஏழாம் வகுப்பு படிக்கும் பெண் ஒருத்தியும் நின்றாள். தன் முறை வந்ததும் கரண்டி நிறையப் பாலை எடுத்துத் தும்பிக்கையோரம் வைத்தாள். பால் குறைந்தது. யாரோ சொன்ன கதையில்லை, அவளே கண்ணால் பார்த்தாள்.

பிள்ளைகள் கூடி அறிவியல் செய்துபார்க்கும் துளிர் இல்லத்தில் அடுத்த ஞாயிற்றுக்கிழமை இதைச் சொன்னபோது, அதை நடத்திய லைன்மேன் அண்ணன் சிரிப்பார், இல்லாவிட்டால் திட்டுவார் என்று நினைத்திருந்தாள். அவர் இரண்டும் செய்யவில்லை. "அப்படியா? வேற யாராரு குடிக்கிறாங்கன்னு பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

அன்று மதியத்துக்குள் அந்த ஊரில் பால் குடிக்காத பொருளே இல்லை. அம்மிக்குழவி குடித்தது. மைல்கல் குடித்தது. சைக்கிள் மணி குடித்தது. பஸ் நிறுத்தத்தில் மார்பளவுச் சிலையாக நின்ற ஒரு தலைவர்கூட மூக்கு வழியாகக் குடித்தார். அதைப் பார்த்துவிட்டுக் கட்சிக்காரர் ஒருவர் பிள்ளைகளை விரட்டிக்கொண்டு ஓடியது தனிக்கதை. குடித்த பால் எங்கே போகிறது என்பதுதான் அடுத்த கேள்வி. மாலைகளில் இல்லத்தைப் பார்த்துக்கொண்ட அக்கா, பாலில் சொட்டு நீலம் கலந்து பார்க்கலாமே என்றார். நீலப் பாலின் மேற்பரப்பு ஈரக் கல்லைத் தொட்டதும் கரண்டியிலிருந்து இழுபட்டு, மெல்லிய ஏடாகப் படர்ந்து, கல்லோடு ஒட்டியபடியே கீழே இறங்கியது. வெள்ளைப் பாலில் கண்ணுக்குத் தப்பியது நீலத்தில் தப்பவில்லை. பரப்பு இழுவிசை என்ற பாடம் அவர்களுக்கு எட்டாம் வகுப்பிலோ ஒன்பதாம் வகுப்பிலோ பிறகுதான் வந்தது. தில்லியில் அறிவியலாளர்களும் பாலில் வண்ணம் கலந்து இதையே செய்து காட்டினார்கள் என்று செய்தித்தாள் சொன்னபோது, இங்கே பிள்ளைகளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஊரில் எல்லோருக்கும் இது பிடித்துவிடவில்லை. பிள்ளைகளை நாத்திகனாக்குகிறான் என்று டீக்கடையில் பேச்சு வந்தது. லைன்மேன் அண்ணன் தானே டீக்கடைக்குப் போய் உட்கார்ந்து சொன்னார்: "சாமி இருக்கா இல்லையான்னு நாங்க பாக்கலண்ணே. பால் எங்க போகுதுன்னுதான் பாத்தோம்."

துளிர் இல்லம் என்பது கட்டடமல்ல. இல்லம் என்ற சொல்லை நம்பி யாராவது தேடிப் போயிருந்தால் ஒரு புங்கமரத்தையும், மழை வந்தால் ஒதுங்கப் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தையும்தான் பார்த்திருப்பார்கள். 1980-இல் சென்னையில் சில அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம், 1987-இல் 'துளிர்' என்று சிறுவர்களுக்கு ஒரு அறிவியல் மாத இதழைக் கொண்டுவந்தது. கேரளத்தில் சாஸ்திர சாகித்ய பரிஷத் 1962-லேயே தோன்றி, 1970-இல் 'யுரேகா' என்று குழந்தைகள் இதழ் நடத்தத் தொடங்கியிருந்தது. அந்தத் தாக்கம் இங்கே நிச்சயம் உண்டு. இதழை வாசிக்கிற பிள்ளைகள் ஊரூராகக் கூடிச் செய்துபார்க்கும் இடத்துக்குத் துளிர் இல்லம் என்று பேர் வந்தது. நடத்தியவர்கள் வங்கி ஊழியர்கள், எல்.ஐ.சி.க்காரர்கள், தொலைபேசித் துறை ஆட்கள், பள்ளிக்கூட வாத்தியார்கள், பட்டம் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த இளைஞர்கள். சம்பளம் கிடையாது. பெரும்பாலும் சார்ட் காகிதச் செலவுகூட அவர்கள் கையிலிருந்துதான்.

புதுக்கோட்டையில் இது வேர் பிடித்ததற்கு ஒரு காரணம் இருந்தது. 1991-இல் அங்கே அறிவொளி இயக்கம் வந்தது. ஷீலாராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலம். எழுத்து கற்றுத்தரக் கிளம்பிய இயக்கம், பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் புதுக்கோட்டைத் தெருக்களை நிறைத்ததைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்து, பெண்கள் கம்பி வைத்த ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். முன் கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்பது கூடுதல் வசதி. பிள்ளையாருக்குப் பால் வைத்த அந்தப் பெண்ணின் அம்மாவும் அப்படிக் கற்றவர்தான். கையெழுத்துப் போடுவதற்கு முன்பே அம்மா சைக்கிள் ஓட்டிவிட்டார் என்று மகள் இன்றும் சொல்கிறார். ஊர் ஊராக அறிவொளி மையம் நடத்திய தொண்டர்கள், பெரியவர்கள் பாடம் முடிந்து கலைந்த பிறகும் சுற்றிச் சுற்றி வந்த பிள்ளைகளை என்ன செய்வதென்று யோசித்தபோது, துளிர் இல்லம் கையில் இருந்தது.

லைன்மேன் அண்ணனுக்குப் பேர் இருந்தது. யாரும் கூப்பிட்டதில்லை. தொலைபேசித் துறையில் கம்பி இழுக்கிற வேலை. சைக்கிள் கேரியரில் எப்போதும் ஒரு தோல் பை. அதற்குள் குறடு, திருப்புளி, ஒரு சுருள் செம்புக்கம்பி. பிள்ளைகளுக்கு அந்தப் பையே பாதி அறிவியல். அக்கா பன்னிரண்டாவது முடித்துவிட்டு வீட்டில் இருந்தவர், அறிவொளித் தொண்டராக வந்து இல்லத்தில் தங்கிவிட்டவர். இப்போது அந்தக் கால ஆட்கள் கூடிப் பேசினால் அண்ணனைத்தான் அதிகம் நினைவுகூர்கிறார்கள். அது நியாயமில்லை. அண்ணன் ஞாயிறு மட்டும் வந்தார். வாரத்தில் மற்ற சாயங்காலங்களில் வீட்டு வேலைக்கு நடுவே வந்து வருகைக் குறிப்பு எழுதி, சண்டை தீர்த்து, மூக்கு ஒழுகும் சின்னதுகளையும் சேர்த்து மேய்த்தவர் அக்காதான்.

வாரம் முழுக்கச் சேர்த்த தீக்குச்சிகள் ஞாயிறன்று வேலைக்கு வரும். சைக்கிள் கடையில் வாங்கிய வால்டியூபைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி, இரண்டு குச்சிகளை அதற்குள் செருகினால் மூட்டு. மூன்று குச்சியில் முக்கோணம், நான்கில் சதுரம். சதுரத்தைத் தள்ளினால் சாய்கிறது. முக்கோணம் சாயவில்லை. அரவிந்த் குப்தா என்ற பொறியாளர் கண்டுபிடித்துப் புத்தகமாகவும் போட்ட விளையாட்டு இது. மத்தியப் பிரதேசத்தில் 1972-இல் தொடங்கிய ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டத்தோடு பழகியபோது அவருக்கு உதித்தது. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்த வரலாறெல்லாம் தெரியாது. "சதுரம் சாயாம நிக்கணும்னா என்ன பண்ணலாம்?" என்று கேட்டுவிட்டு அண்ணன் டீ குடிக்கப் போய்விடுவார். திரும்பி வரும்போது யாரோ ஒரு பையன் குறுக்கே ஒரு குச்சியை வைத்திருப்பான். அதற்குப் பிறகு ஒரு வாரம் பிள்ளைகள் மின்கோபுரம், ஓட்டு வீட்டு உத்தரம், சைக்கிள் பிரேம் என்று ஊரில் உள்ள முக்கோணங்களையெல்லாம் எண்ணிக்கொண்டு திரிவார்கள்.

டீ குடிக்கப் போவதுதான் அந்த மனிதரின் பெரிய திறமை. பதில் தெரிந்தும் சொல்லாமல் எழுந்து போவது எவ்வளவு கஷ்டம் என்பது பாடம் நடத்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் விடை முதலில் வரும், கேள்வி தேர்வுத்தாளில் வரும். இங்கே கேள்வியோடு ஒரு வாரம் அலையவேண்டும். தப்பாகச் செய்தாலும் யாரும் முட்டிபோடச் சொல்ல மாட்டார்கள்.

பால் விவகாரம் அடங்குவதற்குள் கிரகணப் பேச்சு வந்துவிட்டது. 1995 அக்டோபர் 24, தீபாவளிக்கு மறுநாள். ராஜஸ்தானின் நீம் கா தானாவிலிருந்து வங்கத்தின் டைமண்ட் ஹார்பர் வரை முழு சூரிய கிரகணம்; தமிழ்நாட்டில் காலை நேரத்தில் பகுதிக் கிரகணம். அண்ணனுக்கு இதில் ஒரு பழைய பாக்கி இருந்தது. 1980 பிப்ரவரி 16 அன்று கர்நாடகம், ஆந்திரம் வழியாக ஒரு முழு கிரகணம் போனது. அன்று பெரிய நகரங்களிலேயே தெருக்கள் வெறிச்சோடின. மக்களை வீட்டுக்குள் உட்காரவைக்கத் தூர்தர்ஷன் இந்திப் படம் போட்டது. அப்போது மாணவராக இருந்த அண்ணனை வீட்டில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டார்கள். "வானத்துல நடந்தது எனக்கு மட்டும் தெரியாமப் போச்சு" என்று அவர் சொல்லும்போது அதில் உண்மையான கோபம் இருந்தது.

ஊர்ப் பெரியவர்களிடம் கிரகணத்துக்கு ஓர் அத்தாட்சி உண்டு. தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்தினால், கிரகணம் பிடித்திருக்கும் வரை தானாக நிற்கும், விட்டதும் விழுந்துவிடும். அப்பத்தாக்கள் பலர் பார்த்திருக்கிறார்கள். அண்ணன் இதை மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. கிரகணத்துக்கு முன்னாலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டு உலக்கைகளைக் கொண்டுவரச் சொன்னார். பூண் போட்டது, பூண் தேய்ந்தது, அடி தட்டையானது, உருண்டது என்று புங்கமரத்தடியில் உலக்கைகள் குவிந்தன. நிறுத்திப் பார்த்தார்கள். அவசரப்பட்டவர்கள் கையில் விழுந்தது. பொறுமையாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு, நூல் பிடித்த மாதிரி நேராக வைத்துக் கையை மெல்ல எடுத்தவர்களுக்கு நின்றது. அடி தட்டையாக இருந்த உலக்கை கிரகணத்துக்கு முன்னும் நின்றது, பின்னும் நின்றது, இப்போதும் நிற்கும். தானும் ஒன்றைக் கொடுத்தனுப்பியிருந்த அப்பத்தா ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "இது தெரியாமத்தான் இத்தன வருசம் சோறுதண்ணி இல்லாமக் கெடந்தனா?" என்றார். அவர் சொன்னது வேடிக்கைக்கா, வருத்தத்துக்கா என்று அந்தப் பெண்ணுக்கு இன்னும் புரியவில்லை.

சூரியனை நேராகப் பார்க்கக்கூடாது என்பதை மட்டும் அண்ணன் கண்டிப்பாகச் சொன்னார். மூடநம்பிக்கையை எதிர்க்கிறேன் என்று வெறுங்கண்ணால் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்வது இன்னொரு மூடத்தனம். அதற்காக ஒரு முகம்பார்க்கும் கண்ணாடியைக் காகிதத்தால் மூடி, நடுவில் சின்ன ஓட்டை போட்டார்கள். வெயிலில் வைத்துத் திருப்பினால், இருட்டான தாழ்வாரச் சுவரில் சூரியனின் வட்டப் பிம்பம் விழும். கிரகணம் வரும்வரை சும்மா இருப்பானேன் என்று அதை அளந்தும் பார்த்தார்கள். கண்ணாடிக்கும் சுவருக்கும் இருபத்தேழு அடி தூரம் இருந்தால் பிம்பம் ஏறக்குறைய மூன்று அங்குலம். தூரம் பிம்பத்தைப்போல சுமார் 108 மடங்கு. சூரியன் இருக்கும் தூரம் 15 கோடி கிலோமீட்டர் என்று புத்தகம் சொல்கிறது. அதை 108-ஆல் வகுத்தால் சூரியனின் குறுக்களவு, கிட்டத்தட்ட 14 லட்சம் கிலோமீட்டர். வகுத்தல் கணக்கென்றால் வயிற்றுவலி வருகிற பையன் ஒருவன் மூன்று தடவை வகுத்துப் பார்த்தான். தெருப்புழுதியில் நின்றுகொண்டு இஞ்சு டேப்பால் சூரியனை அளந்துவிட்டோம் என்பது அவனுக்கு நம்பும்படியாக இல்லை.

கிரகணத்தன்று ஊர் கதவைச் சாத்திக்கொண்டது. சோற்றுப்பானைமேல் தர்ப்பை வைத்தார்கள். கர்ப்பிணிகளை உள்ளறைக்கு அனுப்பினார்கள். புங்கமரத்தடியில் மட்டும் பிள்ளைகள் கூட்டம், பத்திரமாகப் பார்க்கச் சென்னையிலிருந்து வந்திருந்த வடிகட்டிக் கண்ணாடிகள், அண்ணன் வாங்கிவந்த கடலைமிட்டாய். சுவரில் விழுந்த சூரியனைக் கடித்த தோசையாக நிலா தின்றுகொண்டே வந்தது. ஆனால் எல்லோரையும் வாயடைக்க வைத்தது அதுவல்ல. சின்னப் பிள்ளை ஒன்று தரையைக் காட்டி, "அக்கா, நெழலப் பாருங்க" என்றது. புங்க இலைகளின் இடுக்கு வழியாகத் தரையில் விழுந்த ஒளிப்பொட்டுகள் எல்லாமே பிறைகளாகியிருந்தன. நூற்றுக்கணக்கான குட்டிப் பிறைகள், காற்றடித்தால் கூடவே ஆடின. ஒவ்வோர் இடுக்கும் ஓர் ஊசித்துளைக் கேமரா. அதுவரை கதவிடுக்கில் நின்று எட்டிப்பார்த்த சிலர் மெல்ல வெளியே வந்தார்கள். கடலைமிட்டாயை யார் முதலில் தின்றது என்பது பற்றி இரண்டு தரப்பு உண்டு. பிறகு ஓடிப்போய் டி.வி. இருந்த வீட்டில் பார்த்தபோது, தூர்தர்ஷன் முழு கிரகணத்தை நேரடியாகக் காட்டியதைப் பற்றி வீட்டுக்காரர் தானே போய் எடுத்துவந்ததுபோல விவரித்துக்கொண்டிருந்தார். அந்த ஒளிபரப்பில் அறிவியலாளர் யஷ்பால் விளக்கியதைக் கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறை இந்த நாட்டில் உண்டு.

அடுத்த வருஷம் பிள்ளைகள் கிணறுகளை அளந்தார்கள். 1993-இல் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் ஆதரவில் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு தொடங்கியிருந்தது. தமிழ்நாட்டில் அறிவியல் இயக்கம் நடத்திக்கொடுத்தது. பத்து முதல் பதினேழு வயது வரையுள்ள பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து, சொந்த ஊரின் ஒரு பிரச்சினையை ஆராய்ந்து, தாய்மொழியிலேயே அறிக்கை எழுதலாம். பள்ளிக்கூடம் போகாத பிள்ளையும் சேரலாம் என்பது அதன் அழகு. அந்த மாநாட்டுக்காகக் கிணறு அளந்த குழுவில் ஒரு பையன் செயற்கை வைரக்கல் பட்டை தீட்டும் பட்டறைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவன். அப்போது புதுக்கோட்டை, திருச்சி வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு அந்தப் பட்டறைதான். அடிக்கு ஒரு முடிச்சு போட்ட கயிறு, நுனியில் ஒரு கல். மாதா மாதம் ஊரின் எல்லாக் கிணற்றிலும் இறக்கி, நனைந்த முடிச்சையும் நனையாத முடிச்சையும் எண்ணிக் குறித்தார்கள். மற்றவர்கள் குறிப்பில் கோட்டைவிட்டபோதெல்லாம் பட்டறைப் பையன் விடவில்லை. நுணுக்கமாகப் பார்ப்பது அவனுக்குத் தொழில்.

கோடையில் எல்லாக் கிணறும் இறங்கியபோது ஒரே ஒரு கிணற்றில் மட்டும் நீர் ஏறியிருந்தது. அறிக்கையைப் பார்த்த பெரியவர் ஒருவர், இது தப்பாக இருக்கும், சரிசெய்துவிடுங்கள், நடுவர்கள் கேட்பார்கள் என்றார். அண்ணன் பிள்ளைகளைத்தான் பார்த்தார். "நீங்க அளந்தீங்களா?" "அளந்தோம்ணே." "அப்பறம் ஏன் மாத்தணும்? ஏன் ஏறுச்சுன்னு போய்க் கேளுங்க." கேட்டார்கள். கிணற்றுக்காரர் புதிதாகப் போட்ட ஆழ்துளைக் கிணற்றின் தண்ணீரைப் பழைய கிணற்றில் விட்டுச் சேமித்து இறைத்துக்கொண்டிருந்தார். அந்த ஆழ்துளைக் கிணற்றுக்குப் பக்கத்தில் இருந்த கிணறுகள்தான் எல்லாவற்றையும்விட வேகமாக இறங்கியிருந்தன என்பது அதன் பிறகு பட்டியலைத் திரும்பப் பார்த்தபோது தெரிந்தது. தப்பு என்று அழிக்கச் சொன்ன எண்தான் அறிக்கையின் உயிர். மாவட்ட அளவில் நடுவர் சரியாக அந்த இடத்தில் விரலை வைத்துக் கேட்டார். அந்தப் பெண் பதில் சொன்னாள். மாநில மாநாட்டுக்கு அவர்கள் தேர்வாகவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் அழுதவர்களும் உண்டு.

அறிவியலைவிடக் கடினமான வேலை ஒன்றும் இந்த இல்லங்களுக்கு இருந்தது. குழந்தைகள் அறிவியல் திருவிழா என்று பல ஊர்ப் பிள்ளைகள் ஓர் ஊரில் கூடுவார்கள். வந்த பிள்ளைகளை மண்டபத்தில் படுக்கவைப்பதில்லை. உள்ளூர்ப் பிள்ளை ஒவ்வொன்றும் ஒரு விருந்தாளிப் பிள்ளையைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போகும். அந்தப் பெண்ணுக்கு வாய்த்த விருந்தாளி ஜெகதாப்பட்டினம் பக்கத்துக் கடற்கரைக்காரி. மீன் இல்லாமல் எப்படிச் சோறு இறங்குகிறது என்று அவள் கேட்ட கேள்வியை இந்த வீட்டில் நெடுநாள் சொல்லிச் சிரித்தார்கள்.

சீட்டுக் குலுக்கித்தான் விருந்தாளிகளைப் பிரித்தார்கள். காலனிப் பிள்ளைகளின் பேரும் சீட்டில் இருந்தது. வேற்றூர்ப் பிள்ளைகள் காலனியில் தங்குவதா என்று ஒருவர் அக்காவிடம் வந்து, நயமாகத்தான், அந்தச் சீட்டுகளை மட்டும் எடுத்துவிடச் சொன்னார். "எடுத்தா எல்லாச் சீட்டையும் எடுத்துருவோம்ணே. திருவிழா வேற ஊர்ல நடக்கட்டும்" என்றார் அக்கா. அப்போது அவருக்கு இருபது வயதுகூட இருக்காது. சீட்டுகள் இருந்தன. விடிந்ததும் விருந்தாளிகளைக் கூட்டிவரக் காலனிக்குப் போன ஊர்ப் பெண்கள் சிலர், இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தார்கள். அவர்களில் அந்தப் பெண்ணும் ஒருத்தி. வீட்டில் சொல்லவில்லை. இதனால் ஊர் திருந்திவிட்டது என்று எழுதினால் பொய். டீக்கடையில் தனித் தம்ளர் அதற்குப் பிறகும் சில வருஷம் தொங்கியது. அந்த இட்லியைச் சாப்பிட்டவர்கள் மட்டும் அதன்பின் அந்தத் தம்ளரைப் பார்க்காததுபோல நடந்துபோக முடியவில்லை.

பிறகு இல்லம் கலைந்தது. சண்டையில்லை, சதியில்லை. அக்காவுக்குக் கல்யாணமாகி மணப்பாறைப் பக்கம் போனார். அண்ணனுக்கு வேற்று மாவட்டத்துக்கு மாறுதல் வந்தது. வயதுக்கு வந்த பெண்களை ஒவ்வொருத்தியாக வீட்டில் நிறுத்தினார்கள். கேபிள் டி.வி. வந்தது, ஞாயிறு டியூஷன் வந்தது. கொஞ்ச நாள் பெரிய பையன்கள் நடத்திப் பார்த்தார்கள். அவர்களும் கல்லூரிக்கும் திருப்பூருக்கும் போனார்கள். இது அந்த ஓர் ஊரின் கதை மட்டுமல்ல. தொண்டர் ஒருவரின் தோளில் நின்றவை பல, அவர் நகர்ந்ததும் விழுந்தன.

இங்கேதான் அமெரிக்காவின் ஃபோர்-எச் மன்றங்களைக் கவனிக்கவேண்டும். 1902-இல் ஒஹாயோ மாநிலத்தில் ஏ.பி. கிரஹாம் என்ற பள்ளிக் கண்காணிப்பாளர் கிராமத்துப் பிள்ளைகளைக் கூட்டி, மண்ணைச் சோதிக்கவும் சோளம் வளர்க்கவும் சொல்லித் தொடங்கியது அது. அங்கும் மன்றத்தை நடத்துவது சம்பளமில்லாத பெரியவர்கள்தான். செய்து கற்பதுதான் அங்கும் தாரக மந்திரம். ஆனால் 1914-இல் ஸ்மித்-லீவர் சட்டம் வந்து வேளாண் விரிவாக்கப் பணிக்கு அரசுப் பணம் கிடைத்தது. அதன் பிறகு தொண்டர்களுக்குப் பின்னால் மாவட்டத்துக்கு மாவட்டம் சம்பளம் வாங்கும் அலுவலர் ஒருவர் நின்றார். ஒரு தொண்டர் போனால் அடுத்தவரைத் தேடுவது, பழக்குவது அவர் வேலை. மன்றங்கள் நூறாண்டைத் தாண்டியதற்கு அந்தப் பின்பலம் பெரிய காரணம். அதற்காக எல்லாம் அங்கே ஒழுங்கு என்றில்லை. தென் மாநிலங்களில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு 1960-கள் வரை தனி மன்றம்தான். காலனிச் சீட்டை எடுக்கச் சொன்னவருக்கு அங்கும் உறவுக்காரர்கள் இருந்தார்கள்.

நம் அரசுகள் எதுவும் செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. பெருந்தொற்றுக்குப் பிறகு 2021-இல் தமிழ்நாட்டில் இல்லம் தேடிக் கல்வி வந்தது. பெரும்பாலும் பெண்களான உள்ளூர்த் தன்னார்வலர்கள், மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகையில், மாலை நேரங்களில் தெருப் பிள்ளைகளைக் கூட்டி நடத்தினார்கள். அவர்களில் பலருடைய வேலையைப் பார்த்தால் அந்த அக்காவின் நினைவு வரும். 2022-இல் அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை அறிவியல், கணிதச் செய்முறைக்காக வானவில் மன்றம் தொடங்கியது. இவை நல்ல காரியங்கள். ஆனால் திட்டம் அரசாணையில் பிறக்கிறது, அரசாணையில் மூடவும் படலாம். ஹோஷங்காபாத் திட்டத்தை முப்பதாண்டுக்குப் பிறகு 2002-இல் மாநில அரசு ஒரு முடிவில் நிறுத்தியது. நாடெங்கும் அறிவியல் மன்றங்களை இணைத்திருந்த விஞ்ஞான் பிரசார் 2023-இல் மூடப்பட்டது. தொண்டர் மட்டும் இருந்தால் அவர் மாறுதலோடு போகிறது. அரசு மட்டும் இருந்தால் கையெழுத்தோடு போகிறது.

அந்தப் பெண் இப்போது ஓர் ஆய்வகத்தில் நுட்பநர். ரத்த மாதிரியில் எதிர்பாராத எண் வந்தால் அழிப்பதில்லை. மறுபடி சோதித்துவிட்டு, ஏன் என்று கேட்கிறார். பட்டறைப் பையன் மோட்டார் மெக்கானிக். 2019 டிசம்பர் 26 அன்று கோவை, கரூர், திருச்சி, புதுக்கோட்டை வழியாக வளைய சூரிய கிரகணம் போனபோது, இருவரும் தங்கள் தெருப் பிள்ளைகளோடு மைதானத்தில் நின்றார்கள். காலை ஒன்பதரை வாக்கில் மூன்று நிமிஷம் சூரியன் வளையலாக நின்றது. மைதானம் நிறைய ஆட்கள். கதவைச் சாத்தியவர்களும் இருந்தார்கள், 1995-ஐவிடக் குறைவாக.

தமிழ்நாட்டில் இதுபோல அடுத்தது 2031 மே 21, புதன்கிழமை. கேரளத்தில் நுழைந்து மதுரை வட்டாரத்தைக் கடந்து இலங்கையின் வடக்கே போகும் வளைய கிரகணம். பள்ளிகளுக்குக் கோடை விடுமுறைக் காலம். அதற்குள் தங்கள் தெருவில் இப்படி ஒன்றைத் தொடங்க நினைப்பவர்கள் கட்டடத்துக்கும் நிதிக்கும் காத்திருக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம், ஒரு கட்டுத் தீக்குச்சி, நூறு ரூபாய்க்கு வால்டியூப் போதும். ஆனால் முதல் மாதமே இன்னொருவரைக் கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்கும் மாறுதல் வரும்.